சுருளிவேல் ஆபீஸ்

காமயகவுண்டன்பட்டி மகாஜனங்களின் மேலான கவனத்துக்கு: யுத்தம் தொடங்கிய வருஷம், மார்கழி பன்னிரண்டாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, இவ்வூரின் முதல் ஆபீஸும் ஒரே ஆபீஸுமான ஸ்தாபனத்தில், அதன் அதிபரும் தலைமைக் குமாஸ்தாவும் சேவகனுமாகிய ஸ்ரீமான் சுருளிவேல் அவர்கள் மணி அடிக்கவில்லை.

இதன் முக்கியத்துவம் அந்த நேரத்தில் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. அவர் மனைவி பஞ்சம்மாள், காப்பி லோட்டாவை முந்தானையால் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதவுக்கு வெளியே நின்றாள். ஒரு மணி அடித்தால் காப்பி. இரண்டு அடித்தால் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. மூன்று அடித்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். மணி அடிக்காமல் கதவைத் திறப்பது என்பது அந்த வீட்டில் கொலைக்கு அடுத்தபடியான குற்றம். ஆபீஸ் திறந்து நாலு வருஷத்தில் ஒரு மணியும் இரண்டு மணியும் தினம் கேட்டிருக்கின்றன. மூன்று மணியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

பஞ்சம்மாள் காப்பியை அடுப்படிக்குத் திருப்பிக் கொண்டுபோய்ச் சூடாக்கினாள். அங்கே மொச்சைக்காயை முறத்தில் பரப்பிக்கொண்டிருந்த நாத்தனார் ராக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிக்கலையா?"

"இல்ல."

"அப்ப அண்ணன் எழுத ஆரம்பிச்சிட்டாக" என்றாள் ராக்கம்மாள்.

பஞ்சம்மாளுக்கு அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது. கொல்லையில் கொக்கரித்த கோழியை விரட்டிவிட்டு வந்தாள்.

சுருளிவேல் மேகமலை எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். இருந்தார் என்றால், துரையின் அறைக்கு வெளியே ஒரு முக்காலியில் இருந்தார். உள்ளே துரைக்குப் பெரிய மேஜை, கை வைத்த நாற்காலி, மணி, மூடிய கதவு. அந்த மேஜையைத் துடைப்பதற்குக்கூட வேறு ஆள் உண்டு. இருபத்திரண்டு வருஷம் கதவிடுக்கு வழியாகப் பார்த்ததில் சுருளிவேலுக்கு ஒரு ஞானம் பிறந்தது: துரையிடம் இருப்பது மூளை அல்ல, மேஜை. அதே மேஜை தனக்கும் கிடைத்தால் தானும் பெரிய காரியங்கள் செய்வார்.

பெரிய காரியம் எது என்பதையும் முடிவு செய்துவிட்டார். ஏலக்காய் விவசாயத்தைப் பற்றி, இதுவரை உலகத்தில் எழுதப்படாத அளவில், ஒரு புத்தகம்.

வேலையை விட்டு மலை இறங்கி வந்த மறுநாளே தானிய அறையைக் காலி செய்யச் சொன்னார். குதிர் கொல்லைக்குப் போனது. ஆசாரி மொக்கைச்சாமி வந்து, துரை மேஜையின் அளவைச் சுருளிவேல் சாணால் சொல்லச் சொல்ல, அறைக்குள்ளேயே உட்கார்ந்து பதினெட்டு நாளில் மேஜையைச் செய்து முடித்தார். முடித்த பிறகுதான் அது வாசல்படியை விட ஒன்றரைச் சாண் அகலம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆசாரி கொஞ்சமும் கலங்கவில்லை. இந்த மேஜை வெளியே வரவேண்டுமென்றால் முதலில் வீடு வெளியே போகவேண்டும் என்று சொல்லி, வெற்றிலை வாங்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் வெளிச்சப் பிரச்சினை வந்தது. வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தால்தான் கருத்து ஓடும் என்றார். புதிதாக ஜன்னல் வைத்தார்கள். ஜன்னல் வழியாக உரல் சத்தம் வந்ததால் உரல் அடுத்த வீட்டுக்கு இடம் பெயர்ந்தது. மணிக்காக மதுரைவரை ஆள் விட்டும் துரையிடம் இருந்ததைப் போலக் கிடைக்கவில்லை. கடைசியில் செவலைக்காளையின் கழுத்து மணி மேஜைக்கு உத்தியோக உயர்வு பெற்றது. சுவரில் ஒரு கால அட்டவணை: ஒன்பது முதல் பத்து வரை ஆயத்தம், பத்து முதல் பதினொன்று வரை யோசனை, பதினொன்று காப்பி, அதற்குப் பிறகு நாலு மணி வரை எழுத்து. எஸ்டேட்டில் வீசப்பட்ட பழைய காகிதங்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம் யாரோ இங்கிலீஷில் எழுதியிருந்தாலும் மறு பக்கம் வெள்ளையாக இருக்கிறதே, புத்தகத்துக்கு ஆகும் என்றார்.

எல்லாம் தயார். ஒரு அலமாரி மட்டும் வந்துவிட்டால் ஆரம்பித்துவிடலாம். அலமாரி வந்தது. அதற்குப் பூட்டு இல்லை.

தினமும் நாலு மணிக்குக் கதவு திறக்கும். சுருளிவேல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, நாட்டுக்காக நொந்தவர் போல வெளியே வருவார். அவர் வலது கன்னத்தில் தலையணை உறையின் தையல் வரி வரியாகப் பதிந்திருக்கும். பஞ்சம்மாள் நாலு வருஷமாக அந்த வரிகளைப் பார்த்துவருகிறாள். ஒரு நாளும் கேட்டதில்லை. தெருவில் யாராவது விசாரித்தால், "பாதி எழுதியாச்சு" என்று தானாகவே சொல்லிவைப்பாள். சொல்லிச் சொல்லி அது முக்கால்வாசி வரை வந்திருந்தது. மலைமேல் ஒரு முக்காலியில் ஒடுங்கிக் கிடந்த மனிதன், ஊரில் பேர் சொல்லும்படி நடந்து போவதைப் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று நாலு மணிக்குக் கதவு திறக்கவில்லை. மழைக்காற்று வீசி, இடது பக்க ஜன்னல் படார் படார் என்று அடித்தது. கொசு பறந்தாலே இரண்டு மணி அடிக்கிறவர், அந்தச் சத்தத்துக்கு எழவில்லை. பஞ்சம்மாள் மூன்றாம் முறை சூடாக்கிய காப்பியோடு வந்து, சட்டத்தை மீறிக் கதவைத் தள்ளினாள்.

மேஜைமேல் தலையணை. தலையணைமேல் சுருளிவேல். தொட்டதும் தெரிந்துவிட்டது. வலியில் முகம் கோணவில்லை. தூங்கப் போனவர் அப்படியே கொஞ்சம் தூரமாகப் போய்விட்டது போல இருந்தார்.

பஞ்சம்மாள் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள். அந்த அறையில் உட்கார அவளுக்கு நாற்காலி கிடையாது. தரையில், அவர் காலடியில் உட்கார்ந்தாள். கையிலிருந்த காப்பி ஆறுவதற்குள், வீணாகக் கூடாதென்று தானே குடித்தாள். குடித்துவிட்டு எழுந்து மேஜையைப் பார்த்தாள். மேஜைமேல் ஒரு நோட்டு திறந்திருந்தது. முதல் பக்கத்தில் மேலே இரண்டு வரி. அடுத்த பக்கமும் அதற்கடுத்ததும், கடைசிப் பக்கம் வரை வெள்ளை. அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வெள்ளை என்பதை அறிய வாசிப்பு எதற்கு? மைப்புட்டியைத் திறந்தாள். மை காய்ந்து கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடந்தது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே இந்த அறைக்குள் வரும். நாலு வருஷமாக உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் காத்திருக்கிற ஊர். தலையணையைப் பார்க்கும், நோட்டைப் புரட்டும், தேர் நிலைக்கு வருகிற வரைக்கும் சொல்லிச் சிரிக்கும்.

பஞ்சம்மாள் அவர் தலையைத் தூக்கித் தலையணையை உருவினாள். கன்னத்து வரிகளை ஈர முந்தானையால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை. நோட்டை இடுப்பில் செருகினாள். அலமாரியிலிருந்து எஸ்டேட் காகிதக் கட்டை எடுத்து, எழுத்து உள்ள பக்கம் மேலாக மேஜை முழுக்கப் பரப்பினாள். பேனாவை விரலிடுக்கில் வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். நல்ல வேலைக்காரராகத் தெரிந்தார்.

அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள். அழுகை பொய்யில்லை.

மறுநாள் காலையில் சுருளிவேல் நடுவீட்டில் படுத்திருக்க, ஆபீஸ் அறைக்குள் குருசாமி நின்றுகொண்டிருந்தார். சுருளிவேலுக்குப் பெரியப்பா மகன். ஊர் வாசகசாலைக்குத் தலைவர். வாசகசாலையில் ஒரு பெஞ்சும் தலைவரும் உண்டு. குருசாமிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், குருசாமியைத் தவிர.

காகிதங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, தூரமாகவும் கிட்டவும் பிடித்து, இரண்டிடத்தில் தலையாட்டி, ஓரிடத்தில் கண்ணை மூடினார். வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார். தம்பி இங்கிலீஷிலேயே எழுதியிருக்கிறான், என்ன நடை, என்ன கம்பீரம், ஏலக்காய் வாசம் பக்கத்துக்குப் பக்கம் அடிக்கிறது என்றார். இதை மதுரையில் அச்சுக்குக் கொடுப்பது தம் பொறுப்பு என்றும், முன்னுரை தாமே எழுதுவதாகவும் அறிவித்தார். அதற்கு முன், பாடை கிளம்பும்முன், ஒரு பக்கத்தையாவது எல்லோரும் கேட்க வேண்டும். தமக்குத் துக்கத்தில் குரல் வராது. வாத்தியார் வாசிக்கட்டும்.

காகிதக் கட்டில் இருப்பது என்னவென்று பஞ்சம்மாளுக்குத் தெரியாது. ஏலக்காய் இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஞானசிகாமணி வாத்தியார் போடிக்காரர், மிஷன் பள்ளியில் படித்தவர். அந்த ஊரில் இங்கிலீஷை நிஜமாகவே வாசிக்கக் கூடியவர் அவர் ஒருவர்தான். அதனால் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். கண்ணாடியை மாட்டி முதல் தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. நின்றது. இரண்டாவது தாளைப் பார்த்தார், மூன்றாவதைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்கு மேலாகப் பஞ்சம்மாளைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீர்மாலைக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் குடத்தோடு வந்து வாசலில் நின்றார்கள். தப்பு மேளமும் நின்றது.

"சத்தமா வாசிங்க, வாத்தியாரே" என்றார் குருசாமி.

வாத்தியார் தாளை நாலாக மடித்தார். "இது சத்தமா வாசிக்கிற எழுத்து இல்லிங்க. வீட்டோட இருக்க வேண்டியது."

"அவ்வளவு உசத்தியா?"

"ஒரு அடித்தல் திருத்தல் கெடையாது. நீங்களே பாத்திருப்பீகளே."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் குருசாமி வேகமாக.

பஞ்சம்மாள் எழுந்து வந்து, வாத்தியார் கையிலிருந்த காகிதக் கட்டை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள்.

"மச்சான், அவுக எழுதுனது அவுகளோடயே போகட்டும்."

குருசாமி பதறிப்போனார். முன்னுரை கை நழுவுகிற பதற்றம். "என்ன பஞ்சம்மா பேசுற? நாட்டுக்கு எம்புட்டு நட்டம் தெரியுமா?"

"நாடு இம்புட்டு நாளும் ஏலக்கா போட்டுக்கிட்டுத்தான இருந்துச்சு. இனியும் போடும்."

வாத்தியார் இருமினார். மூத்த மகன் கருத்தக்கண்ணன், கொள்ளிச்சட்டியோடு நின்றவன், முதல் தடவையாக வாயைத் திறந்தான். "ஆத்தா சொல்றபடியே செய்ங்க, பெரியப்பா. மழை வரப்போகுது." மழையை எதிர்த்து முன்னுரை எழுத முடியாது. காகிதக் கட்டு சுருளிவேலின் வலது கைப்பக்கம் வைக்கப்பட்டது. குருசாமி சால்வையை எடுத்து அதன்மேல் போர்த்தினார். ஊர் முழுவதும் பார்த்துப் பெருமூச்சு விட்டது. அப்படி ஒரு மரியாதை காமயகவுண்டன்பட்டியில் அதற்கு முன் எந்தக் காகிதத்துக்கும் கிடைத்ததில்லை.

பாடை தெருமுனை திரும்பும்போது வாத்தியார் செருப்பைத் தேடுகிற சாக்கில் பின்தங்கினார்.

"அம்மா, சொல்லாம இருந்தா மனசு கேக்காது. அது துரை வீட்டுல வெளுக்கப் போட்ட துணி லிஸ்ட். சட்டை ஆறு, தலகாணி ஒறை நாலுன்னு."

"தலகாணி ஒறையா?"

"ஆமா."

பஞ்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தூரத்தில் நின்றவர்களுக்கு அது அழுகை போலத்தான் தெரிந்திருக்கும்.

"நல்லது சார். அதாச்சும் அவுகளோட போச்சே" என்றாள்.

வாத்தியார் செருப்பு காலிலேயே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டுப் போனார்.

நோட்டை அவள் எரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வாத்தியாரைக் கூப்பிட்டு, மேலே இருந்த இரண்டு வரியை மட்டும் வாசிக்கச் சொன்னாள். முதல் வரியில் புத்தகத்தின் பேர் இருந்தது. இரண்டாவது வரி: 'இப்புத்தகம் எழுத அமைதி தந்த என் மனைவி பஞ்சம்மாளுக்கு.' அவள் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு நோட்டை வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்தாள்.

கருமாதிக்கு முந்தின நாள் தூறல் விடவில்லை. சாக்கு நிறைய மொச்சைக்காய் வந்திருந்தது. பந்தல் ஒழுகியது. அடுப்படியில் இடமில்லை. பெண்கள் கூடையும் முறமுமாக நடுவீட்டில் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

பஞ்சம்மாள் ஆபீஸ் கதவை அகலத் திறந்தாள். "இங்கன வாங்க."

யாரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"இங்கனயா?" என்றாள் ராக்கம்மாள். "அண்ணன் ஏதும் நெனைப்பாகளோ?"

"அவுக ஏற்பாடு பண்ணி வச்சதுதான. வா."

மேஜையைச் சுற்றி எட்டுப் பேர் தாராளமாக நிற்க முடிந்தது. உயரம் சரியாக இருந்தது, இடுப்பு வலிக்கவில்லை. இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுந்ததில் சொத்தைக்காய் தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தது. இம்மாதிரி வசதியான இடத்தில் தான் காய் உரித்ததே இல்லை என்று ஒருத்தி சொன்னாள். அடுத்த வீட்டுக்காரி, உரல் எங்கள் வீட்டில் இருக்கிறதே, அதையும் இங்கேயே கொண்டுவந்துவிடலாம் என்றாள். பேச்சும் சிரிப்புமாக, உரித்த தோல், மேஜைக்குக் கீழே முழங்கால் உயரம் குவிந்தது. துக்க வீடு என்று ஞாபகம் வரும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அது ரொம்ப நேரம் ஞாபகத்தில் நிற்கவில்லை.

கடைசிக் காய் முடிந்ததும் பஞ்சம்மாள் மேஜையைக் கையால் வழித்துச் சுத்தம் செய்தாள். மூலையில் கிடந்த மாட்டு மணியை எடுத்தாள். ஒரு தடவை அடித்தாள். இன்னொரு தடவை அடித்ததும் ராக்கம்மாள் பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டாள். பஞ்சம்மாள் மூன்றாவது தடவையும் அடித்துவிட்டு மணியைக் கீழே வைத்தாள்.

மொச்சை இரண்டு மரக்கால் தேறியது.