காற்று எங்கள் வழியாகத்தான் போகிறது

குடும்பத்தோடு கொடைக்கானல் போகிற வழியில் எங்கள் மேலாளர் மோகன்குமார் திண்டுக்கல்லில் இறங்கி, குடும்பத்தை ஓட்டலில் சாப்பிட விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்தார். பாசம் ஒன்றுமில்லை. என் கையெழுத்து வேண்டியிருந்தது.

கடலில் நடப்போகிற காற்றாலைகளுக்குக் காற்றைக் கணக்கிட்டுச் சொல்வது என் வேலை. நிறுவனம் சென்னையில், நான் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். ராமநாதபுரம் பக்கம் கரையிலிருந்து நாலு கிலோமீட்டரில் நடலாமா என்று கேட்டிருந்தார்கள். கூடாது என்று அறிக்கையின் பதினான்காம் பக்கத்தில் எழுதியிருந்தேன்.

கடல்காற்று என்றால் கடலிலிருந்து வருவது என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆனி, ஆடியில் அங்கே பலமாக அடிக்கிற காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவது. மேடு, மரம், வீடு என்று எல்லாவற்றிலும் மோதி, வேகம் குறைந்து, குலைந்துபோய்த்தான் அது கரையைத் தாண்டும். தண்ணீர் மேல் வெகுதூரம் போன பிறகே சீராகி வேகம் பிடிக்கும். அதனால் இன்னும் பத்து கிலோமீட்டராவது தள்ளி நடச் சொன்னேன். தள்ளிப் போனால் கரைக்கு மின்சாரம் கொண்டுவருகிற கேபிள் செலவு கூடும். அதுதான் அவர்களுக்குக் கசந்தது.

அவர் நீட்டிய அறிக்கையில் பதிமூன்றுக்கு அடுத்தது பதினைந்து. என் பக்கத்தை உருவியவர்கள் எண்ணை மாற்றக்கூட மெனக்கெடவில்லை. நடுக்கடல் வேகத்தைத் தூக்கி நாலு கிலோமீட்டருக்குப் போட்டு, கீழே ‘கணக்கிட்டவர்: சகாயசெல்வி’ என்று அச்சடித்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாட்டுப்படகுக்காரர்கள் வலை விரிக்கிற இடத்தைப் பிடுங்கி, பாதி நாள் சோம்பிச் சுற்றுகிற காற்றாடியை நடுவதற்கு என் பெயரா?

அவரை மாடிக்குக் கூட்டிப்போனேன். மேற்கிலிருந்து வருகிற காற்றை மறித்துக் கல்யாண மண்டபம் எழும்பிய நாளிலிருந்து எங்கள் கொடியில் துணி துவண்டு, முறுக்கிக்கொண்டு கிடக்கிறது. கிழக்கே பத்து வீடு தள்ளி ஒரு சேலை படபடவென்று பறந்துகொண்டிருந்தது. இதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றேன்.

அவர் சிரித்தார். "திண்டுக்கல்ல துணி காயப்போட்டுக்கிட்டு கடல் காத்தைப் பத்திப் பேசுறீங்க."

"கடலுக்குப் போற காத்து எங்கள மாதிரி ஊரு வழியாத்தான் சார் போகுது," என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து உங்கள் லாகின் வேலை செய்யாது என்றார், ஏதோ கரன்ட் போகப்போவதைச் சொல்வதுபோல. ஆறு வருட வேலை.

கீழே என் கணவர் ஜெரோம் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார். முதலில் சாப்பிடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டே போகலாம் என்று அவரிடம் சொன்னேன். மோகன்குமார் திருப்தியாகச் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தார்.

நான் பேனாவை எடுத்தேன். என் பெயருக்குக் கீழே, ‘பதினான்காம் பக்கம் என் ஒப்புதல் இல்லாமல் நீக்கப்பட்டது. இந்த வேகம் என் கணக்கு அல்ல’ என்று எழுதி, அதன் கீழே கையெழுத்தும் போட்டேன். படம் பிடித்து, நீக்கிய பக்கத்தையும் சேர்த்து, அறிக்கை யார் யாருக்குப் போகவேண்டுமோ அத்தனை பேருக்கும், திட்டத்துக்குக் கடன் கொடுக்கிற வங்கி உட்பட, அலுவலக மெயிலிலிருந்தே அனுப்பினேன்.

துண்டில் கை துடைத்துக்கொண்டே வந்தவர், "போட்டாச்சா?" என்றார்.

"போட்டாச்சு சார்."

தாளை வாங்கிப் படித்தார். அவர் முகம் வெளிறியது. சட்டைப்பையில் போன் அடிக்க ஆரம்பித்தது.

"எடுங்க சார்," என்றேன். "திங்கக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்குல்ல. லாகின் நல்லாத்தான் வேலை செய்யுது."