விரல் சேர்ந்துவிட்டால்

நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முகவரியை அரைகுறையாக எழுதி நீட்டுகிறவர்மேல் எரிந்து விழுவேன். ரத்த அழுத்தம் ஏறியதும் மருத்துவர் தியானம் பழகச் சொன்னார். கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொடும் சின்முத்திரை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். பலித்துவிட்டது. கோபம் கிளம்பும்போதே விரல்கள் தாமாகச் சேர்ந்துகொள்ளும், வாய் அடங்கிவிடும். ஆபீசில் முத்திரை குத்துகிறார், வீட்டில் முத்திரை பிடிக்கிறார் என்று மனைவி கேலி செய்வாள். நானும் பாதி ஞானியாகிவிட்ட நினைப்பில் திரிந்தேன்.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. பேச்சு திக்கும். முன்பெல்லாம் அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் நான் அதைப் பிடுங்கி முடித்துவிடுவேன். தியானத்துக்குப் பிறகு பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கேட்பேன். அப்படியும் அவள் என்னிடம் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. அம்மாவிடம் திக்கித் திக்கி ஊர்க்கதை எல்லாம் அளப்பவள், என்னிடம் "ஆமா", "இல்ல" என்பதோடு சரி. அதுவும் நின்றுவிடுமோ என்று பயந்துதான் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாளிடம் கூட்டிப்போனோம்.

அந்தம்மா வீட்டு நிலவரம் விசாரித்தார். குழந்தையிடம் குரலை உயர்த்துவதே இல்லை, எல்லாம் தியானத்தின் புண்ணியம் என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். நேற்று பள்ளியில் நடந்ததை அப்பாவிடம் சொல் என்று அவர் மகளிடம் சொன்னார்.

"த... த..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் மடியைப் பார்த்தாள். சட்டென்று நிறுத்திவிட்டாள்.

ஏன் நிறுத்திவிட்டாய் என்று அந்தம்மா கேட்டார்.

"அ... அப்பாவுக்குக் கோவம் வந்துடுச்சு."

அப்பா சிரித்துக்கொண்டுதானே இருக்கிறார் என்றார் அவர்.

"வி... விரல் சேந்துடுச்சே."

குனிந்து பார்த்தேன். சேர்ந்துதான் இருந்தது. மனைவியும் பார்த்தாள். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. நான் கத்திய காலத்தில்கூட, கத்தல் ஓய்ந்ததும் அவள் வந்து பேசினாள். என் பொறுமையைத்தான் குழந்தையால் தாங்க முடியவில்லை. இதைப் போய்ப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேனே. வீடு வரும்வரை நான் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நேற்று என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டேன்.

"த... த... த..."

அங்கேயே நின்றாள். தொடைக்கடியில் என் விரல்கள் ஒன்றையொன்று தேடின. அவளுக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

"கை... கையைக் காட்டுப்பா."

காட்ட வெட்கமாக இருந்தது. காட்டினேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. மகள் முடிச்சு அவிழ்ப்பதுபோல அவற்றைப் பிரித்தாள். நடுவில் தன் சுண்டுவிரலை வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"த... த... தண்ணிக் குழாய்..."