முறுக்கின் திசை

சொக்கலிங்கம் கப்பல் ஏறிப் போனவரில்லை. ஒரு கப்பல் கம்பெனியின் அலுவலகத்தில் முப்பது வருஷமாகக் காகிதம் பார்ப்பவர். ஆனால் வங்காளத்தில், பெஹாலாவில் உள்ள வீட்டில், சாப்பாட்டு மேஜையின் பாதியை ஆறு வருஷமாக ஒரு பாய்மரக் கப்பல் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு முழ நீளம். பலகை பலகையாக இழைத்து ஒட்டியது அவர்தான். அதில் அவருக்கு ஒரே ஒரு குறை. கயிறு.

கடையில் வாங்கும் நூலைக் கட்டினால் நூல் மாதிரியேதான் இருந்தது. அசல் கப்பல் கயிறு போல மூன்று புரி தெரிய வேண்டும். அதற்காக அவரே ஒரு சின்ன இயந்திரம் செய்தார். ஒரு முனையில் மூன்று கொக்கி, அவற்றைச் சேர்ந்தாற்போல் சுழற்ற ஒரு கைப்பிடி. மறுமுனையில் ஒரே கொக்கி. நடுவே மூன்று புரிகளையும் பிரித்து வைக்க, பள்ளமாகக் காடி வெட்டிய ஒரு மரக் கூம்பு. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கயிறு மட்டும் பிசிறு பிசிறாக, அங்கங்கே சுருண்டு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுமுனையைப் பிடித்துக்கொள்ள மனைவி வாசுகியைக் கூப்பிட்டார். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்த அணுக்களை எண்ணுகிற வேலையில் இருப்பவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நூலுக்கே ஒரு முறுக்கு இருக்கே. நீங்க அதுக்கு எதிராத்தானே சுத்துறீங்க? நூல் பிரியாதா?"

"பிடிச்சுக்கோன்னா பிடிச்சுக்கோ. ஆறு வருஷமா இதைத்தானே பண்றேன்."

அவள் பிடித்துக்கொண்டாள். வியாழக்கிழமை அவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது மேஜைமேல் எட்டடிக் கயிறு சுருட்டி வைத்திருந்தது. மெல்லிய, இறுக்கமான கயிறு. மூன்று புரியும் கோலம் போட்ட மாதிரி ஓடின.

"லீவுதானே, சும்மா பண்ணிப் பாத்தேன்" என்றாள் வாசுகி.

"பரவாயில்ல" என்றார். அவள் அடுப்படிக்குப் போனதும் பூதக்கண்ணாடியை எடுத்து, தன் கயிற்றையும் அவள் கயிற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ரசத்தில் உப்பு அதிகம் என்றார். அதிகமில்லை.

அந்தக் கயிற்றைக் கப்பலில் கட்டாமலும் இருக்க முடியவில்லை. அடுத்த மாதம் காளிகாட் பக்கத்தில் ஒரு மண்டபத்தில், மாதிரிக் கப்பல் செய்பவர்கள் சேர்ந்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவர்களில் மூத்தவர் ரஞ்சன். சொக்கலிங்கம் ஆறு வருஷம் இழைத்த பலகைகளை அவர் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்தவர் நிமிரவே இல்லை. கயிற்றின்மேல் விரலை வைத்துக்கொண்டே வங்காள மொழியில் கேட்டார்: "சொக்கலிங்கம், இந்தக் கயிறு யார் செய்தது?"

"நான்தான்" என்றார் சொக்கலிங்கம்.

சொன்ன பிறகுதான் பார்த்தார். வாசுகி இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பையோடு பின்னால் நின்றாள். வங்காளத்தில் இருபத்தாறு வருஷம் இருந்தவளுக்கு அது புரியாமல் போகாது. ஒரு கோப்பையை ரஞ்சனிடமும் ஒன்றை அவரிடமும் கொடுத்தாள். திரும்பும் வழியில் லேக் மார்க்கெட்டில் இறங்கி முருங்கைக்காய் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

சண்டை போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அதற்குள் ரஞ்சன் போன் செய்துவிட்டார். வருகிற ஞாயிறு எல்லாருக்கும் கயிறு செய்து காட்ட வேண்டும்.

அந்த வாரம் முழுக்க, வாசுகி கண்விழிக்கும் முன்பே எழுந்து முறுக்கிப் பார்த்தார். கயிறு செய்தபோது அவள் குறித்து வைத்திருந்த நோட்டை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பார்த்தார். இத்தனை சுற்று, இங்கே நிறுத்து, கூம்பை மெதுவாக நகர்த்து என்று வரிசையாக எழுதியிருந்தாள். அதையெல்லாம் அப்படியே செய்தார். திசையை மட்டும் மாற்றவில்லை. மாற்றினால் அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும். கயிறு பிசிறாகவே வந்தது.

சனிக்கிழமை பொறுக்கமாட்டாமல் கேட்டார். "நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

"என்னத்தை?"

"கயிறு நீ பண்ணதுன்னு."

"நீங்க பண்ணதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்றது?" என்றாள். "நாளைக்கு நானும் வரேன்."

மண்டபத்தில் பன்னிரண்டு பேர் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாசுகி கடைசி வரிசை. சொக்கலிங்கம் கைப்பிடியைப் பிடித்தார். மறுபக்கம் சுழற்ற ஒரு நொடி போதும். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கை பழைய பக்கமே போனது. கயிறு பாதியில் சுருண்டு, ஒரு புரி பிரிந்து தொங்கியது.

"இன்னைக்கு ஈரப்பதம் ஜாஸ்தி" என்றார்.

"ஆமாம், ஆமாம்" என்று ரஞ்சன் பரிவாகத் தலையாட்டினார். அந்தப் பரிவை அவரால் தாங்க முடியவில்லை.

"ஈரப்பதம் இல்ல, ரஞ்சன். எனக்கு வராது. அன்னைக்கு நீங்க பாத்த கயிறு என் மனைவி பண்ணது. நான் பொய் சொன்னேன்."

வாசுகி எழுந்து வந்தாள். புது நூலை மாட்டினாள். "நீங்க சுத்துங்க, நான் கூம்பைப் பிடிச்சுக்கறேன். அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்" என்று தமிழில் மெதுவாகச் சொன்னாள். அவர் சுற்றினார். அவள் உதடு அசைய எண்ணினாள். கூம்புக்குப் பின்னால் கயிறு தானாகவே பின்னிக்கொண்டு வந்தது. எல்லாரும் எழுந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். தன் படகுக்கும் கொஞ்சம் செய்துதர முடியுமா என்று ரஞ்சன் கேட்க, அவள் சரி என்றாள். சொக்கலிங்கம் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

பேருந்தில் இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் பாதி வழியில் சொன்னார்.

"உண்மையைச் சொல்லிட்டா போயிடும்னு நெனச்சேன். இப்பவும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கு."

"தெரியும்" என்றாள் வாசுகி. "எனக்கும் இருந்துச்சு."

"உனக்கா? எதுக்கு?"

"வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் உங்க கப்பலைச் சுத்தி நிப்பாங்க. நான் டீயைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பேன். ஆறு வருஷம்."

அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. சொக்கலிங்கம் மடியில் இருந்த இயந்திரத்தின் கைப்பிடியை, அவள் சொன்ன பக்கமாக மெதுவாக ஒரு சுற்று சுற்றினார்.