நாற்பது நிமிடம் தட்டாமல்

இந்த ஊர்க்காரர்கள் குளிர்காலம் என்று சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வரும். விடிகாலையில் வாயிலிருந்து லேசாகப் புகை வந்துவிட்டால் போதும், ஊரே குல்லாயும் மப்ளருமாகிவிடும். பால் பாக்கெட் வாங்கப் போகிறவன்கூட மலையேறக் கிளம்பியவன் மாதிரி போவான். அவளோ மெல்லிய பருத்தி உடையோடு, காதைக்கூட மூடாமல் சலவைக்கூடத்துக்கு நடப்பாள். லாட்ஜ்களின் விரிப்புகளையும் போர்வைகளையும் துவைத்துப் பெட்டி போடுகிற இடம் அது. அங்கே அவளுக்கு வைத்த பேர் பனிக்காரி.

"பனிக்காரி வந்துட்டா, ஃபேனைப் போடுங்கடி" என்பார்கள்.

"இதெல்லாம் ஒரு குளிரா? எங்க ஊர்ல இதுக்குப் பேரு வெயில்" என்று அவளும் விடமாட்டாள்.

எங்க ஊர் என்று வாய்தான் சொல்லும். அங்கே குளிர் அவள் புருஷன் கையில் இருந்தது. சாலையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன், ஊருக்கெல்லாம் நல்லவன். வீட்டில் சாப்பாட்டில் உப்பு கூடினால் அடிப்பான். கை வலித்தால் அவளை வெளியே தள்ளித் தாழ் போட்டுக்கொள்வான். "வெளிய கிட. புத்தி வந்ததும் தட்டு." பத்து நிமிடத்தில் விரல் மரத்துப்போகும், பதினைந்தில் தட்டுவாள், இருபதில் கெஞ்சுவாள். அந்தத் துரை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் வந்து திறப்பார்.

ஒரு தடவை வீம்புக்குத் தட்டாமல் இருந்தாள். நாற்பது நிமிடம் கழித்து அவனே சந்தேகப்பட்டுத் திறந்தபோது வாசற்படியில் கட்டையாகக் கிடந்தாள். இடது காலில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்று அவள் சொன்ன பொய்யைப் போலீஸ்காரர் வரி விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "இன்னொரு வாட்டி இந்தம்மா வழுக்கி விழுந்தா நீங்க உள்ள போவீங்க. செத்துட்டா வெளியவே வர மாட்டீங்க" என்றார்.

புண் ஆறியதும் மூன்று வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு ஓடிவந்தாள். பாப்பாவுக்குப் பழசு எதுவும் ஞாபகமில்லை. அப்பா தூரத்தில் வேலை பார்க்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

மூன்று வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நகல் கேட்டு அந்த ஊருக்கு மனுப் போட்டாள். மனுவில் விலாசம் எழுதாமல் முடியுமா? அந்த விலாசம் யார் யார் கையையோ தாண்டி அவனிடம் போய்ச் சேர்ந்தது.

காலை ஏழு மணி. பாப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தால் அவன் நிற்கிறான், முழங்கால் வரை தொங்கும் கோட்டும் பூட்ஸும் கையில் ஒரு பொம்மையுமாக.

"பத்து மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பாப்பாவக் கூட்டிட்டுப் போறேன். நீ வர்றதும் வராததும் உன் இஷ்டம்."

"அவ வர மாட்டா."

முதல் அறை காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். உதடு பல்லில் குத்திக் கிழிந்தது. பாப்பா அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டாள். அவன் இவள் தலைமயிரைச் சுருட்டிப் பிடித்துச் சுவரில் மோதினான். ஆணியில் மாட்டியிருந்த கண்ணாடி விழுந்து நொறுங்கியது. கைக்கு எட்டிய அவன் மணிக்கட்டைக் கடித்தாள், ரத்தம் உப்புக் கரிக்கும் வரை விடவில்லை. முழங்காலால் வயிற்றில் ஓர் இடி விட்டான். மூச்சு நின்றுபோய் அவள் மடங்கியதும், தரதரவென்று இழுத்துவந்து வெறுங்காலோடு முற்றத்தில் தள்ளினான்.

"வெளிய கிட. புத்தி வந்ததும் தட்டு."

தாழ் விழுந்தது. பிறகு ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபடும் சத்தம். குளிர்காலத்தில் வீட்டை இறுக்கி மூடுவது அவன் பழக்கம்.

அவள் உடம்பு பழைய பாடத்தை மறக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு படியில் சுருண்டாள். பல் கிட்டித்தது. பாதத்திலிருந்து ஏறப்போகிற வலிக்காகக் காத்திருந்தாள். பாப்பா உள்ளே அவனிடம் இருக்கிறாள், பத்து மணிக்கு பஸ். கெஞ்சினால் தன்னையும் கூட அழைத்துப் போவான். தட்டுவதற்குக் கையைத் தூக்கியும் விட்டாள். பிற்பாடு அதை நினைத்தால் அவளுக்கே ஆத்திரம் வரும்.

வலிதான் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆனது, மிச்சமிருந்த எட்டுக் கால்விரல்களும் சொன்னபடி அசைந்தன. சிமெண்டுத் தரை பானைத் தண்ணீர் அளவுக்குத்தான் சில்லென்றிருந்தது. குழாயடியில் இளவெயில் விழுந்திருந்தது. தூக்கிய கையை அவள் மெல்லக் கீழே இறக்கினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தையல் அக்கா, குரங்குக் குல்லாயும் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையும் பல்பொடியுமாக வெளியே வந்தாள். ரத்தத்தைப் பார்த்ததும் கதவை நோக்கிப் பாய்ந்தாள். அவள் குறுக்கே விழுந்து அக்காவின் வாயைப் பொத்தினாள்.

"தட்டாதீங்கக்கா. சத்தமே வரக்கூடாது. உள்ள பாப்பாவோட அவன் இருக்கான்."

அக்கா தெருமுனைக்குப் போய்ப் போலீசுக்குப் போன் செய்துவிட்டு மூச்சிரைக்க வந்தாள். "கிளம்பிட்டாங்களாம். எப்ப வருவாங்கன்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். கதவை உடைப்போமா?"

"உடைச்சா பாப்பாவப் பிடிச்சுக்குவான். அவனே திறப்பான். நான் தட்டலைன்னா செத்துட்டேன்னு நெனப்பான். கேஸுன்னா அவனுக்குப் பயம்."

"இந்தக் குளிர்ல யாருடி சாவா?"

"அது உங்களுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது."

உண்மைதான். அவன் கோட்டுக்குள்ளேயே வந்தவன். வழியெல்லாம் என்ன பார்த்தான்? மூக்கு மட்டும் தெரியப் போர்த்திக்கொண்டு டீ குடிக்கிற ஜனங்களைப் பார்த்தான். ஊரே இப்படி நடுங்கினால் வெறுங்காலோடு கிடப்பவள் என்ன ஆவாள் என்று அவன் கணக்குப் போட்டதில் தப்பில்லை.

குழாயடியில் அக்காவின் கம்பளிப் போர்வை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையை அக்காவிடம் நீட்டினாள். சலவைக்கூடத்தில் பிழியும் எந்திரம் படுத்துக்கொள்ளும் நாட்களில் இப்படித்தான் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து எதிரெதிராக முறுக்குவார்கள். முறுக்க முறுக்கப் போர்வை இறுகி, தூக்கினால் தோள் இறங்குகிற உருட்டுக்கட்டையாகிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு கதவோரச் சுவரில் ஒட்டி நின்றாள்.

"என்ன, வீம்பா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஏய், தட்டுடி."

அதற்குப் பிறகு பாப்பாவின் அழுகை. "அம்மா எங்க? அம்மா வேணும்." அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முன்கையைப் பல்லால் அழுத்திக்கொண்டாள். பூட்ஸ் கால்கள் இங்கும் அங்கும் நடந்தன. கதவுக்கு மிக அருகில், இறங்கிப்போன குரலில், "ஏய்... உயிரோட இருக்கியா?" என்று கேட்டான்.

அவள் போர்வையைத் தோளுக்கு மேல் ஓங்கினாள்.

தாழ் விலகியது. கதவைத் திறந்தவன் நேரே பார்க்கவில்லை, பக்கத்திலும் பார்க்கவில்லை. குனிந்து, பிணம் கிடக்கவேண்டிய படியைப் பார்த்தான்.

பிடரியில் விழுந்த முதல் அடியிலேயே முழங்கால் படியில் இடித்து விழுந்தான். இரண்டாவது காதோடு சேர்த்து விழுந்தது. எழ முயன்று அவள் காலைப் பற்றினான். பற்றிய கையின் மேல் இறங்கிய அடியில் எலும்பு முறியும் சத்தம் அக்காவுக்கே கேட்டது. அக்கா சும்மா இருக்கவில்லை. எண்பது கிலோவும் குறையாமல் அவன் முதுகில் உட்கார்ந்துகொண்டாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனால் எழுந்திருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரிந்தது. ஆனால் மூன்று வருஷமாக எங்கேயோ உறைந்து கிடந்தது கையில் இறங்கிவிட்டது. தோளில் அடித்தாள், இடுப்பில் அடித்தாள், "போதும்டி, விட்டுடு" என்று அவன் கதறிய வாயில் அடித்தாள். "புத்தி வந்துச்சா? வந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். அவன் மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் படியின் மேல் கம்பளித் தண்ணீரோடு கலந்து ஓடியது.

"நிறுத்துடி, செத்துடப் போறான். பாப்பா பாக்குது" என்று அக்கா அவள் கையைப் பிடித்துத் தொங்கினாள்.

போலீஸ் வந்தது. முனகிக்கொண்டிருந்தவனைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். மப்ளர் கட்டிய ஏட்டு கிழிந்த உதட்டைப் பார்த்தார், பக்கத்துச் சுவர்மேல் எட்டிப் பார்த்த தலைகளை விசாரித்தார், பிற்பகல் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். இனி அவன் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அது முடிந்த கதை.

வண்டி போனதும் அவளுக்கு உடம்பு உதறத் தொடங்கியது. முற்றம் முழுக்க வெயில். நனைந்த உடை தோலோடு ஒட்டியிருந்தது. கிடுகிடுவென்று நடுங்கினாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவளுக்குக் குளிர்ந்தது அன்றைக்குத்தான்.

பாப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் பின்னியிருந்தது, மறுபக்கம் பிரிந்து தொங்கியது.

"வாடி கண்ணு" என்று கையை நீட்டினாள். பாப்பா ஓரடி பின்னால் போனாள்.

தையல் அக்கா தன் சால்வையை அவிழ்த்துப் பாப்பாவிடம் கொடுத்து, "அம்மாவுக்குக் குளிருது பாரு, போய்க் குடு" என்றாள். பாப்பா வந்தாள். பாதி வழியில் நின்று, எட்டி நீட்டினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பனைப் பார்த்த அதே பார்வையால் அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை அடிக்க மாட்டல்ல?"

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு பாப்பா பக்கத்தில் வந்து சால்வையை அவள் தோளில் போட்டாள்.