நாற்பத்தேழாம் நம்பர் பை

தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பது ஹபீபுர் ரஹ்மானின் வேலை. பட்டாளத்தில் கண்ணிவெடி எடுக்கும் பிரிவில் இருந்து, யாழ்ப்பாணம் போய்த் திரும்பி, தொண்ணூற்றொன்றில் ஓய்வு பெற்றவர். கடையில் சேர்ந்த ஆறு மாதத்தில் இரண்டு முறை பையில் வெடிகுண்டு என்று விசில் ஊதி எல்லோரையும் தெருவுக்கு விரட்டியிருந்தார். முதல் பையில் இருந்தது பித்தளை முறுக்குக் குழல். இரண்டாவதில் குழந்தையின் பேட்டரி கார். இன்னொரு முறை ஊதினால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

மனநல டாக்டர் ஒரு வழி காட்டியிருந்தார். சந்தேகம் வந்தால் முதலில் தோன்றியதை நோட்டில் எழுத வேண்டும். அதன் கீழே, வேறு என்னவாக இருக்கலாம் என்று மூன்று எழுத வேண்டும். முதல் வரி சட்டென்று வந்துவிடும். மற்றதுதான் வராது. பதிலை முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான பையைத்தான் அவர் மனசு தேடிக்கொண்டிருந்தது.

அன்று ஆடித் தள்ளுபடிக் கூட்டம். நாற்பத்தேழாம் நம்பர் பையிலிருந்து ஒரு சாண் கம்பி வெளியே தெரிந்தது. ரேக்கில் இருந்த மற்ற பைகளெல்லாம் கண்ணைவிட்டுப் போயின. நோட்டில் ‘வெடி’ என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றது. கை விசிலுக்குப் போயிற்று.

ஊதவில்லை. பக்கத்து பில் கவுண்டர் விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டு, இது என்னவாக இருக்கும் என்று கேட்டார்.

“இன்னா பாய், இதுக்கா இப்டி வேர்த்துனு கீறீங்க? துணி காயப்போட்ற கொடிக்கம்பி, வேற இன்னா.”

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் கம்பியைப் பார்த்துவிட்டு, துணிக்கொடிதான், தைரியமாக வா என்று கூடவந்த பரத்வாஜைக் கூப்பிட்டவர் அவரேதான். பரத்வாஜ் நாலு அடி வைத்தான். ஐந்தாவதில் வெடித்தது.

“அன்னிக்கும் அப்படித்தான்மா சொன்னேன்,” என்றார்.

விஜயலக்ஷ்மிக்கு விளங்கவில்லை. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை. ஆன்டெனா ஒயர், பூந்தொட்டி தொங்கவிடுகிற கம்பி என்று அவளே யோசித்துச் சொன்னாள். கோணல்மாணலாக மூன்றையும் எழுதினார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றினார்.

“இத நீங்க வச்சிருங்கம்மா. நான் கேட்டாலும் குடுக்காதீங்க.”

இருபது நிமிஷம் அந்தப் பையின் பக்கத்திலேயே நின்றார். மயிலாப்பூர் மாமி ஒருத்தி நாற்பத்தேழாம் நம்பர் டோக்கனை நீட்டி, நாழியாயிடுத்து, சீக்கிரம் எடுப்பா என்றாள். இரண்டு கையாலும் பையைத் தூக்கிக் கொடுத்தார். அது என்ன கம்பி என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கவில்லை. வரிசையில் அடுத்து நின்றவரின் பையை வாங்கி, காலியான அந்த இடத்திலேயே வைத்தார்.