முள்ளங்கி வாங்கப் போன டர்போ

1

இந்தக் கதை ஒரு விற்பனை விளம்பரமாகப் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஜப்பானில் சுவா ஏரிக்குப் பக்கத்தில் பழைய கார் கடை வைத்திருக்கும் மோரியா, அமெரிக்காவுக்கு அனுப்பும் ஒவ்வொரு காருக்கும் பத்து வரி இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்வார். நான் இந்த ஊருக்கு வந்து தலை நரைத்து, பல்லும் இரண்டு போய்விட்டது. அவருக்கு மட்டும் நான் இன்னும் 'இங்கிலீஷ் தெரிஞ்ச சபே-சான்'தான்.*

இந்தமுறை நான் எழுதியது மூன்று தடவை திரும்பி வந்தது. முதல் தடவை காரின் சொந்தக்காரி வேண்டாம் என்றார். இரண்டாம் தடவை கடைக்காரர். மூன்றாம் தடவை மறுபடியும் சொந்தக்காரி. கசக்கிப் போட்ட தாள்களைப் பொறுக்கி அடுக்கிப் பார்த்தேன், கதை மாதிரி இருந்தது. கூலி இல்லாத எழுத்தெல்லாம் கடைசியில் கதையாகிவிடும் போலிருக்கிறது.

* என் பெயர் சபேசன். கடைசி அசையை 'சான்' என்ற மரியாதை விகுதி என்று இங்கே எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். நான் திருத்துவதில்லை. சும்மா கிடைக்கும் மரியாதையை எவன் வேண்டாம் என்பான்?

2

தொடக்கம் (அ): 'மூடுபனி மெல்ல விலகிய ஒரு காலையில், அந்த ஊதா நிறக் கார் தன் நெடுந்துயிலிலிருந்து —'

[விட்டுவிட்டேன். அன்றைக்கு மூடுபனியே இல்லை. சுள்ளென்று வெயில்.]

தொடக்கம் (ஆ): 'ஒரே உரிமையாளர். பெண். புகைபிடிக்காதவர். கடைக்குப் போய் முள்ளங்கி வாங்கி வர மட்டுமே பயன்படுத்தியது.'

இது மோரியா சொல்லச் சொல்ல எழுதியது. 'ஒரே உரிமையாளர், பெண்' என்பது எங்கள் ஊர்ப் பழைய கார் விளம்பரங்களில் ஒரு மந்திரம். பெண் என்றால் மெதுவாக ஓட்டியிருப்பாள், கியரை உடைத்திருக்க மாட்டாள், ஞாயிற்றுக்கிழமை துடைத்திருப்பாள் என்று நம்பிக்கை. இந்த மந்திரத்தைப் போட்டால் விலை சட்டென்று ஒரு படி ஏறும்.

காரைத் தயாரித்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது அதன் விலையைத் தேடப் போய்விடுவீர்கள், கதை அம்போ என்று நின்றுவிடும். தொண்ணூறுகளில் வந்த இரண்டு கதவுக் கார், டர்போ எஞ்சின். அது போதும். டர்போ என்றால், எஞ்சின் வெளியே தள்ளும் புகையைக் கொண்டே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றி, கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் திணிப்பது. காலை அழுத்தியவுடன் ஒன்றும் நடக்காது. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து, முதுகில் யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் பாயும். அந்தத் தள்ளுக்காகத்தான் அன்றைக்கு ஜனங்கள் கடன் வாங்கி இதை வாங்கினார்கள். இன்றைக்கு அந்தத் தள்ளு ஒரு தடவையும் நடந்திருக்கக் கூடாது என்பதற்காக அதைவிடப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

"ஓடின வண்டிக்கு விலை கிடையாது சபே-சான், நின்ன வண்டிக்குத்தான் விலை" என்றார் மோரியா.

"நிக்கிறதுக்கு எதுக்கு டர்போ?"

"இந்தக் குதர்க்கம்தான் உன்னை உருப்படாம ஆக்கிச்சு. கேளு. அமெரிக்காவுல ஒரு பையன். பதிமூணு வயசுல வீடியோ கேம்ல இந்த வண்டிய ஓட்டுறான். நெஜ வண்டி அவன் ஊருக்கு வராது, சட்டம் விடாது. இருபத்தஞ்சு வருஷம் ஆன வண்டின்னாதான் உள்ள விடுவாங்க. அதுக்குள்ள அவன் பல் டாக்டர் ஆயிட்டான். கையில காசு. என்ன பண்ணுவான்?"

"ஓட்டுவான்."

"மண்ணாங்கட்டி! கண்ணாடி ரூமுக்குள்ள ஏசி போட்டு நிறுத்துவான்."

பல் டாக்டர் வெறும் உதாரணத்துக்குச் சொன்னதல்ல. டெக்சாஸில் வேட் என்று ஒருவர் உண்மையாகவே காத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டதெல்லாம் கம்பெனி மாட்டியது மாட்டியபடி இருக்க வேண்டும் என்பது. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட காரை வாங்கியவர்கள் முதல் வாரமே கம்பெனி மஃப்ளரை, நம்மூர் சைலன்சரை, கழற்றி எறிந்துவிட்டு, ஊரை எழுப்புகிற மஃப்ளர் மாட்டுவார்கள். மோரியாவும் மாட்டினார். எறிந்த மஃப்ளரில் அவருடைய மாமனார் அவரைக்கொடி ஏற்றினார். இன்றைக்கு அந்த மஃப்ளரை விற்றால் மாமனாரின் தோட்டத்தையே வாங்கலாம். இந்த வயிற்றெரிச்சலை மோரியா தினம் ஒருமுறை சொல்லாமல் கடையை மூடுவதில்லை.

3

காரின் சொந்தக்காரி உஷியாமா மிதோரி. அறுபதை நெருங்குகிறவர். மழலையர் பள்ளி பஸ் ஓட்டுகிறார். அவர் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அன்றைக்கு வேலைக்குத் தாமதம்தான் என்று ஊரே அலுத்துக்கொள்ளும், அவ்வளவு நிதானம். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. பஸ்ஸில் கிளட்ச் இல்லை, சமாளித்துவிடுகிறார். ஊதாக் காரின் கிளட்சை இனி மிதிக்க முடியாது என்பதால்தான் விற்க வந்தார்.

தொடக்கம் (ஆ)வை அவர் வீட்டில் போய்ப் படித்துக் காட்டினேன். டீயும் கீரை ஊறுகாயும் வைத்தார். முள்ளங்கி என்ற சொல் வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்ன வாங்கப் போனேன்?"

"முள்ளங்கி."

"ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. அது என்ன?"

பார்த்தேன். தோட்டம் நெடுக முள்ளங்கி.

"வீட்டுல வெளையுறத வாங்க நான் டர்போ வண்டியில போனேனா? படிச்சவங்க எழுதுறதா இது?"

பிறகு ஒரு படத்தை எடுத்து வைத்தார். மலைமேல் உறைந்த ஏரி. பனிக்கட்டியின் மேல் ஊதாக் கார் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. ஜன்னலுக்குள் ஹெல்மெட், அதற்குள் பல் அத்தனையும் தெரிகிற ஒரு சிரிப்பு.

"இது நீங்களா?"

"ஏன், நம்ப முடியலையா? ஒவ்வொரு குளிர்காலமும் அங்கதான். ஏரி சரியா உறையறது நின்னதும் போட்டியும் நின்னுபோச்சு. வண்டி கொட்டகைக்குள்ள போச்சு. நான் பஸ்ஸுக்குள்ள போயிட்டேன்."

இவ்வளவு ஓட்டியும் ஓடிய தூரத்தை மீட்டர் குறைவாகக் காட்டியதன் ரகசியம் இதுதான். ஏரி வீட்டுக்குக் கிட்டத்திலேயே இருந்தது.

"இத எழுதுங்க. நான் அந்த வண்டிய ஓட்டுனேன்னு எழுதுங்க. எழுதலைன்னா முத்திரை குத்த மாட்டேன்" என்றார்.

நகராட்சியில் பதிவுசெய்த சொந்த முத்திரையைக் குத்தாமல் இங்கே கார் கைமாறாது. அந்தச் சின்ன மரத்துண்டு அவருடைய சட்டைப்பையில் இருந்தது. மோரியாவின் மொத்த வியாபாரமும் அதற்குள் இருந்தது.

4

இங்கே நிறுத்தி உங்களை ஒன்று கேட்க வேண்டும். உஷியாமா-சானை நீங்கள் நம்புகிறீர்களா?

எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. பனியில் சீறுகிற பெண், பிறகு குழந்தைகளின் பஸ்ஸை ஆமையாக உருட்டுகிற பெண்: கதைக்காகச் செய்ததுபோல் இல்லை? ஒரு கணவரைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். அவர் செத்துப்போயிருந்தால் ரொம்ப விசேஷம். 'கணவர் மறைந்த பிறகு அந்தக் காரை அவர் தொடவே —'

[அழித்துவிட்டேன். கணவர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் போனபோது உள்ளறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். காரைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது.]

ஆனால் அவரைக் கொன்றிருந்தால் கதையின் மதிப்பு ஏறியிருக்கும், இல்லையா? கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசகர்களும் வேட்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தான். உங்களுக்கும் கதாபாத்திரம் கீறல் இல்லாமல் வேண்டும், ஒரே துயரத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறெங்கும் கிடைக்கக் கூடாது. எழுதுகிறவனும் மோரியாவும் யார் என்று கேட்கிறீர்களா? அதை நானே சொல்ல வேண்டுமா?

5

இரண்டாவது வடிவம்: 'உறைந்த ஏரியில் பந்தயம் ஓடிய கார். ஓட்டியவர் அதன் உரிமையாளர், உஷியாமா மிதோரி.'

மோரியா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவி! பந்தயம்னா அடி. பனின்னா துரு. ரெண்டையும் ஒரே வரியில எழுதியிருக்கியே, வெளங்குமா என் கடை?"

"துரு இல்லை. ஒவ்வொரு தடவையும் வெந்நீர்ல கழுவியிருக்காங்க. நீங்களே வண்டியத் தூக்கி அடியில பாத்தீங்களே."

"நான் பாத்தேன்யா. டெக்சாஸ்காரன் பாத்தானா?"

தாள் திரும்பி வந்தது. ஆனால் ஒரு தவறு நடந்திருந்தது. மோரியாவிடம் காட்டுமுன் நான் அதை வேட்டுக்கு அனுப்பித் தொலைத்துவிட்டேன். (இதைத் தவறு என்று எழுதுகிறேன். உஷியாமா-சானின் அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் என்னால் முள்ளங்கியை அனுப்ப முடியவில்லை என்பதுதான் நிஜம்.)

மறுநாளே வேட்டின் பதில் வந்தது. வரிக்கு வரி ஆச்சரியக்குறி. பந்தயக் காரா! பெண் வீராங்கனையா! சாம்பியனா! படம் இருக்கிறதா! அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி அறையில் காருக்குப் பின்னால் மாட்டப் போகிறாராம். முதலில் பேசியதற்கு மேலேயே தருகிறாராம்.

மோரியா கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு என் தோளில் கைபோட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நான் அப்பவே சொன்னேன்ல?"

"எப்ப சொன்னீங்க?"

"அத விடு. இன்னும் கொஞ்சம் தூக்கி எழுது. 'தேசியப் பனிப்பந்தய சாம்பியன்'. 'ஏரியின் ராணி'. அந்த ஓரத்துல நிக்குற வெள்ளை வண்டி இருக்கே, அதுக்கும் ஒரு ராணியப் போடு."

மூன்றாவது வடிவம் அப்படி உருவானது. நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது.

6

சனிக்கிழமை காலை உஷியாமா-சான் கடைக்கு வந்தார். மேசைமேல் பெயர்மாற்றத் தாள், பக்கத்தில் சிவப்பு மை. மோரியா தன் கையாலேயே டீ போட்டார். நான் மூன்றாவது வடிவத்தைப் படித்தேன்.

"யாரு இது?" என்றார் அவர்.

"நீங்கதான்."

"நான் ஒரு தடவைகூட ஜெயிச்சதில்லையே."

மோரியா மெதுவாகக் கேட்டார்: "ஒரு தடவை... ஒரே ஒரு தடவை?"

"பெண்கள் பிரிவுல நாலு பேரு. நான் ரெண்டாவது. எல்லா வருஷமும் ரெண்டாவதுதான்."

மோரியா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கெட்டிக்கார மனுஷன், மூடிய வேகத்தில் திறந்தார்.

"சரி, பொய் வேணாம். 'இரண்டாம் இடம்'னு போடுவோம். அந்த 'நாலு பேரில்' மட்டும் எடுத்துடுவோம். வேட் அவரா நாப்பது பேருன்னு நெனைச்சுக்கிட்டா நாம என்ன பண்றது?"

எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. கச்சிதமான வெட்டு. 'இரண்டாம் இடம்' என்று மட்டும் எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன்.

"கைய எடுங்க சபே-சான்."

பஸ்ஸில் குழந்தைகளை அதட்டுகிற குரல். எடுத்துவிட்டேன்.

"முதல்ல வந்தவ பேரு ஹமா தோமோயோ. வளைவுல எல்லாரும் ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுப்போம், அவ எடுக்க மாட்டா. எனக்குப் பயம். இருந்தாலும் அவ பின்னாடியே போவேன். இன்னைக்குப் புடிச்சுடுவேன், இன்னைக்குப் புடிச்சுடுவேன்னு. புடிக்கவே இல்ல. என் ஆயுசுல நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே கெடையாது. நீங்க என்னடான்னா ஒரு நாளு முள்ளங்கிங்கறீங்க, ஒரு நாளு ராணிங்கறீங்க."

மோரியா தலையைக் குனிந்து டீயைக் கிளறினார், அதில் சர்க்கரையே கிடையாது.

நான்காவது வடிவம் அவர் சொல்ல, நான் எழுதியது:

'இந்தக் காரை உஷியாமா மிதோரி உறைந்த ஏரியில் ஓட்டினார். நாலு பேரில் இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் ஹமா தோமோயோ. அவர் இவரைவிட நன்றாக ஓட்டினார்.'

உஷியாமா-சான் அதைப் படித்தார். முத்திரையை எடுத்து வாயருகே வைத்து ஊதினார், மையில் தோய்த்தார், குத்தினார். பெயர்மாற்றத் தாளில் குத்தவில்லை. என் தாளில், 'நன்றாக ஓட்டினார்' என்பதற்குக் கீழே.

"விளம்பரத்துல முத்திரை குத்துறதா? யாரும் குத்த மாட்டாங்களே!" என்றார் மோரியா.

"இது என்னோட வண்டியப் பத்தின நெஜம். இதச் சேத்து எடுத்துக்கிட்டா, அப்புறம் அந்தத் தாள்ல குத்துறேன். இல்லைன்னா கொட்டகை இருக்கவே இருக்கு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

7

தாளை வேட்டுக்கு அனுப்பினோம், சிவப்பு முத்திரையோடு.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்: வேட் வேண்டாம் என்கிறார், மோரியா என்னோடு பேசுவதில்லை. அல்லது வேட் பாதி விலைக்குக் கேட்கிறார், உஷியாமா-சான் சரி என்கிறார், மோரியா அழுகிறார். அல்லது வேட் விமானம் ஏறி வந்து, அந்த வளைவு எது என்று கேட்டு, தானே ஓட்டி —

[இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேட்டால் பல் பிடுங்கத்தான் முடியும்.]

அவருடைய பதில் வந்துவிட்டது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், என்ன விலைக்குப் போனது என்று மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அதற்குப் பதில், பணம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பனியில் ஓடிய ஊதாக் கார், சிவப்பு முத்திரை வைத்த நாலு வரி. முதல் இடம் வேறொருத்திக்கு. போட்டியிட்டது நாலே பேர். ஓட்டியவள் பயந்தாள், அதையும் அவளே சொல்லிவிட்டாள்.

எவ்வளவு தருவீர்கள்?