இடப்பக்கக் கண்ணாடி

1

இந்தக் கதை ஒரு கார் ஜன்னலைப் பழுதுபார்த்ததிலிருந்து வந்தது. துக்கத்திலிருந்து வந்ததாகச் சொல்ல ஆசை. பொய்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘மழையில் நனைந்தபடியே ஆரிபா என்னை...’

அடித்துவிட்டேன். ஆரிபா என் மனைவி. 1961இல் காய்ச்சலில் இறந்தாள். காய்ச்சலுக்கும் ஒழுகிய ஜன்னலுக்கும் தொடர்பில்லை. இருந்திருந்தால் கதை நன்றாக அமையுமே என்று ஒரு கணம் நினைத்தேன். (அந்தக் கணத்தை வாசகர் மன்னிக்க வேண்டாம்.)

2

மறுவருஷம் ஐப்பசியில், அவள் தங்கை நர்கீஸை எனக்குப் பேசி முடித்தார்கள். வெள்ளிக்கிழமை நிக்காஹ். காரின் இடப்பக்க ஜன்னல் மறுபடி ஒழுகியது. நிக்காஹுக்குள் சரிசெய்யச் சொன்னது அம்மா. மெக்கானிக் பெருமாள்சாமி வாசலுக்கே வந்தார்.

“புதுப்பொண்ணு நனைஞ்சிரக் கூடாதுல்ல! உள்ள உக்காருங்க தம்பி. எங்க ஈரமாகுதுன்னு பாத்துச் சொல்லுங்க.”

முன்சீட்டில், ஆரிபாவின் இடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலின் உள்விளிம்பில் முகப்பவுடர் தூவிவிட்டு, வெளியே சொம்புத் தண்ணீரைக் கீழ்விளிம்பிலிருந்து ஊற்றத் தொடங்கினார்.

“மேலேருந்து ஊத்துனா என்ன?”

“எல்லாப் பக்கமும் வழியும். எந்த ஓட்டைமேல கேசு போடுறது?”

[இதை உவமையாக்க மாட்டேன். அவர் ஜன்னலைப் பற்றித்தான் சொன்னார்.]

முன்மூலையில் பவுடர் கரைந்தது. அங்கே ரப்பரை நெம்பினார். நாலாக மடித்த வெள்ளைத் துணி வந்தது. ஆரிபா வெளியே போகும்போது போர்த்தும் துப்பட்டியிலிருந்து கிழித்தது.

“யாரோ அடைச்சிருக்காக. சரியான இடந்தான். துணி இத்துப்போகவும் திரும்ப ஒழுகிருச்சு.”

3

அடிக்குறிப்பாக ஒளித்துவைக்க நினைத்தது:

“ஒழுகுது மச்சான்” என்று ஆரிபா ஒருமுறை சொன்னாள். “தள்ளி உக்காரு” என்றேன். பிறகு அவள் சொல்லவில்லை. ஒழுக்கு தானாக நின்றுவிட்டதென்று நினைத்திருந்தேன்.

4

ஒரு வரைவில் துணியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறேன். இன்னொன்றில் அழுகிறேன்.

நடந்தது:

“வேணுமா தம்பி?”

“வேண்டாம்.”

அதிலேயே கைக்கரியைத் துடைத்துவிட்டுப் புது ரப்பர் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5

நிக்காஹ் முடிந்து கொடைரோட்டிலிருந்து திரும்பும்போது நல்ல மழை. பின்னால் அம்மா தூங்கினார். பக்கத்தில் நர்கீஸ். ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை. அவள் முன்மூலையை விரலால் தடவினாள்.

“அக்கா அடைச்சு வச்சிருந்துச்சே, அந்தத் துணி எங்க மச்சான்?”

மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாகவே வருகிறேன். நீங்கள் எழுதுங்கள். அவள் விரல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

“அந்தத் துணி...”